விழுந்தவனைத் தூக்கும் ஊர்

சைக்கிளிலிருந்து விழுந்தவனுக்குக் குடவாசல் பக்கத்தில் கிடைக்கிற கவனிப்பு வேறு எந்தச் சீமையிலும் கிடைக்காது. 108 வருவதற்கு முன்னால் நாம் வந்துவிடுவோம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதற்குள் நாலு பேர் நாலு பக்கமும் பிடித்துத் தூக்கிவிடுவோம். காறை எலும்பு போயிருக்கிறதா, கழுத்தில் அடிபட்டிருக்கிறதா என்று நின்று யோசிக்கிற கல்நெஞ்சம் நமக்குக் கிடையாது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, சோடா உடைத்துக் கொடுத்து, "ஒண்ணும் இல்லடா தம்பி, எந்திரி" என்று தைரியம் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. உதறி எழுந்து அவன் சைக்கிளைத் தேடினான் என்றால் நமக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆம்பளப் புள்ள!

சாலையையும் பாராட்டத்தான் வேண்டும். கும்பகோணத்தில் புறப்பட்டு நாச்சியார்கோவில், திருச்சேறை வழியாகக் குடவாசல் வந்து திருவாரூருக்குப் போகிற இந்தத் தடத்துக்குத் தெரியாத தொழில் இல்லை. குறுவை அறுப்பில் இதுதான் நெற்களம். பங்குனியில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்தால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் கூலி கேட்காமல் அடித்துக் கொடுக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பி வரும். களம் போதாத ஊர்க்காரர் எங்கே போய்க் காயவைப்பார்? கட்டித் தர வேண்டியவர்கள் கட்டாத களத்தின் வேலையை இந்தத் தார்ச்சாலை பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்க்கிறது. நெல் பறக்காமல் இருக்கப் படுதாவின் ஓரத்தில் வைத்த கருங்கல், நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் அங்கேயே காவல் இருக்கும். இருட்டில் வருகிறவன் அதை முன்சக்கரத்தால் கண்டுபிடித்துக்கொள்வான்.

செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அதையொட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்களுக்கு 10. அதற்கு மேல் 15, 17 வயதுப் பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. கியர் கூடாது, இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான். ஊருக்கெல்லாம் ஒரே கருவி; அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை வைத்துக்கொண்டே ஒரு கூலித் தொழிலாளியின் மகள் முதலில் வந்துவிடலாம். இதைவிட நியாயமான பந்தயம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. நாலிலிருந்து பத்து வரை ஆளுக்கு 250. பத்தாவதாக வந்தவனையும் மறக்காத போட்டி.

அந்தச் சமயம் குறுவை அறுப்பு தொடங்கியிருக்கும். ஆகையால் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு விடியற்காலையில் நெல்லின் மேல் ஓட்டிப் பழகுகிற வாய்ப்பும் அமைந்துவிடுகிறது.

அப்படிப் பழகும்போது விழுந்து தோளில் கட்டோடு வீட்டில் கிடக்கிறவனை நாம் தனியாக விடுவோமா? பிரண்டைத் துவையல் வருகிறது, ஆட்டுக்கால் சூப் வருகிறது, புத்தூர்க் கட்டுக்கு ஆளை அழைத்துக்கொண்டு போகச் சித்தப்பா வருகிறார். இரண்டாம் வாரமே விசாரிப்பு தொடங்கிவிடும். "இன்னுமா கட்டுப் பிரிக்கல?" மூன்றாம் வாரம் "எங்க காலத்துல இதுக்கெல்லாம் படுத்ததே இல்ல." நாலாம் வாரம் வாத்தியாரே வாசலில் நின்று "ஏம்ப்பா, பேரு குடுத்துரட்டுமா?" என்கிறார். வளர்ந்தவர்களுக்குக் காறை எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும், சிறுவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற கணக்கு. அவர்கள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் செலவு இல்லை, பையன் டீக்கடைக்கு நடந்து வருவதைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கக் கருவி வைத்திருக்கிற நாம், எலும்பைக் கண்ணாலேயே பார்த்து நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

போட்டி சைக்கிள் உலகமும் நம் பங்காளிதான். டைலர் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் 2002 இத்தாலியப் பந்தயத்தில் தோள் எலும்பு முறிந்தபடி ஓட்டி இரண்டாவதாக வந்தார். வலியில் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்களுக்குப் பிறகு மூடி போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் டூர் டி பிரான்ஸின் முதல் கட்டத்திலேயே காறை எலும்பில் விரிசல். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று வாரமும் ஓட்டினார், ஒரு கட்டத்தைத் தனியாகவே பிரிந்து போய் வென்றார், நாலாவதாக முடித்தார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. ஊக்க மருந்து எடுத்ததை 2011-இல் அவரே ஒப்புக்கொண்டபோது, அவ்வளவு கைதட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அன்னமீக் வான் ஃப்ளூட்டன் என்ற சைக்கிள் வீராங்கனையின் கதை நமக்கு இன்னும் பிடிக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முன்னணியில் இறங்கிக்கொண்டிருந்தவர் வளைவில் கவிழ்ந்தார். முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிவு, தலையில் அதிர்ச்சி. ஒரே மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார். 2017-இல் தனிநபர் நேர ஓட்டத்தில் உலகப் பட்டம், டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம். இந்த ஒரு மாதத்தை நாம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். அந்த மாதத்தில் அவர் பக்கத்தில் மருத்துவரும் பயிற்சியாளரும் இருந்ததை ஞாபகம் வைக்கிற பழக்கம் நமக்கு இல்லை.

ரெம்கோ எவன்போல் என்ற இளம் சைக்கிள் வீரர் 2020 ஆகஸ்ட் 15 அன்று இத்தாலியில் ஒரு பாலத்தின் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எலும்பு முழுசாகக் கூடவில்லை என்று தெரிந்ததும், ஓடிக்கொண்டிருந்த பயிற்சியை நிறுத்தி வைத்தார்கள். இருபது வயசுப் பையனை உட்காரவைத்த அந்த வாரங்களை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டதாக எனக்கு நினைவில்லை. 2022-இல் ஸ்பெயின் பந்தயத்தையும் உலகப் பட்டத்தையும் அவர் வென்றதைத்தான் போட்டார்கள்.

கிறிஸ் ஃப்ரூம் பெயரை மட்டும் நாம் அதிகம் எடுப்பதில்லை. டூர் டி பிரான்ஸை நாலு முறை வென்ற மனிதர். 2019 ஜூன் 12, நமக்கு மேட்டூர் திறக்கிற தேதி. பந்தயத் தடத்தைப் பார்க்கப் போனவர் மூக்கைத் துடைக்க ஒரு கையை எடுத்தார், காற்று அடித்தது, சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் உடைந்தன. எட்டு மாதத்தில் பந்தயத்துக்கு வந்துவிட்டார். எல்லோரும் வாழ்த்தினார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. எலும்பு கூடுவது ஒரு வேலை, இரண்டு காலும் ஒரே பலத்தில் பெடலை மிதிப்பது வேறு வேலை, கூட்டத்துக்குள் ஒருவர் சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் பயமில்லாமல் போவது மூன்றாவது வேலை. வாழ்த்துகிறவர்கள் இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில்லை; அவ்வளவு பெரிய மனசு.

தலையில் அடிபட்டவனுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் ஒரு விதி வைத்திருக்கிறது. தலைவலி, மயக்கம் எல்லாம் முழுசாகப் போன பிறகும் குறைந்தது ஒரு வாரம் போட்டி கூடாது. இளையவர்களுக்கு இரண்டு வாரம். சின்ன மூளைக்குக் கூடுதல் நாள் கொடுக்கிறார்கள். இங்கே சின்னப் பிள்ளைக்கு என்ன, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் மேல் நமக்கு இருக்கிற நம்பிக்கை எந்தச் சம்மேளனத்துக்கும் வராது.

இந்தச் செப்டம்பரில் போட்டி நடக்கும் இடத்தில் ஓட்டாமல் வேடிக்கை பார்க்க ஒரு பையன் வந்து நிற்கக்கூடும். போன வருஷம் மூன்றாவதாக வந்தவன், இந்த வருஷம் டாக்டர் வேண்டாம் என்றதைக் கேட்டு நிற்கிறவன். அவன் அம்மா நகை அடகு வைத்துப் படம் எடுத்திருப்பாள். அடுத்த வருஷம் ஓட்டுவதற்காக இந்த வருஷத்தை விட்டவன் அவன். அவனையும் நாம் விடமாட்டோம். பத்துப் பேராவது தோளில் தட்டி, அதே தோளில்தான், அவ்வளவு பிரியத்தோடு கேட்போம்: "என்னடா, பயந்துட்டியா?"