ப்ராஜெக்ட் தம்பி

சென்னையின் பல்கலைக்கழகங்களிலும் அவற்றை ஒத்த உயர்கல்வி நிறுவனங்களிலும் ‘நிதியுதவி ஆராய்ச்சிப் பிரிவு’ என்றோ அதற்கு நெருங்கிய வேறொரு பெயரிலோ ஓர் அலுவலகம் இருக்கும். பேராசிரியர்கள் தில்லியில் விண்ணப்பித்துப் பெறும் ஆராய்ச்சிப் பணம் வந்து சேர்வதும், செலவாவதும், செலவானதற்குக் கணக்கு எழுதப்படுவதும் அங்கேதான். இயக்குநருக்கும் கண்காணிப்பாளருக்கும் கணக்கருக்கும் அங்கே மேசை உண்டு, மேசைமேல் பெயர்ப்பலகையும் உண்டு. இவ்விரண்டும் இல்லாமல், இரும்பு பீரோவுக்கும் ஜெராக்ஸ் எந்திரத்துக்கும் இடைப்பட்ட ஸ்டூலில் அமர்ந்து, எந்தக் கோப்பு எந்தக் கட்டில் உறங்குகிறது என்பதை இருபது வயதுக்குள் மனப்பாடம் செய்துவிட்ட இளங்கலை மாணவன் ஒருவனும் அங்கே உண்டு. எந்த நியமன ஆணையிலும் காணப்படாத இப்பதவிக்கு அலுவலக வழக்கில் ‘ப்ராஜெக்ட் தம்பி’ என்று பெயர். பெண்ணாயின் ‘ப்ராஜெக்ட் பொண்ணு’. பணி இருவருக்கும் ஒன்றே எனினும், இருட்டுவதற்குள் அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பதில் கண்காணிப்பாளர் மேடம் கண்டிப்பாக இருப்பதால், ஆறு மணிக்குமேல் பிறக்கும் அவசரங்கள் அனைத்தும் தம்பியின் தனி உரிமையாகிவிடுகின்றன.

இவ்வினம் நகரெங்கும் தென்பட்டாலும் அதன் முழு வளர்ச்சி பெற்ற வடிவம் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருவதாகும். தந்தை துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுவார், அல்லது காசிமேட்டில் விசைப்படகுக்குப் போவார். மகன் ஷிப்ட் முறையில் நடக்கும் ஏதோவொரு கலைக் கல்லூரியில் காலை வகுப்புகளை முடித்து, பிற்பகலைச் சும்மா விடாமல் கிண்டிக்கோ தரமணிக்கோ கிளம்பிவிடுவான். 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறாமல் திருவொற்றியூரில் ஏறிக் கிண்டியில் இறங்க முடிகிறது. ஆயினும் இது மாதத்தின் முதல் பாதிக்கு மட்டுமே பொருந்தும் போக்குவரத்து முறை; அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் வழங்கப்படும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் கரைந்த பிறகு, மாதக் கடைசியில் அவன் பழைய மின்சார ரயிலுக்கே திரும்பிவிடுகிறான்.

அவனுடைய பணியின் மையம் ‘யூசி’ எனச் சுருக்கமாக வழங்கும் பயன்பாட்டுச் சான்றிதழாகும். வந்த பணம் வந்த காரியத்துக்கே செலவிடப்பட்டது என்று நிறுவனம் அரசுக்கு அளிக்கும் உறுதிமொழி இது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இதற்கென 12-ஏ என்ற படிவத்தை வகுத்துள்ளன. படிவத்தை நிரப்புவது கணினிக்கு எளிது. அதில் பேராசிரியர், நிதி அலுவலர், பதிவாளர் ஆகிய மூவரின் கையெழுத்தையும் ஒரே வாரத்தில், ஒரே நிற மையில் பெறுவதுதான் ஆராய்ச்சி. பதிவாளர் எந்த வாசல் வழியாக உணவுக்குப் போவார், நிதி அலுவலர் எந்தக் கிழமையில் நல்ல மனநிலையில் இருப்பார் என்பன போன்ற தரவுகளைத் தம்பி எவருடைய வழிகாட்டுதலும் இன்றித் திரட்டி வைத்திருக்கிறான். முனைவர் பட்டத்துக்கு இதைவிடக் குறைந்த களப்பணி போதுமானதாக இருந்திருக்கிறது. மார்ச் மாதம் வந்துவிட்டால், ஆண்டு முழுவதும் செலவழிக்க மனம் வராத பேராசிரியர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் மும்மூன்று கொட்டேஷன்களுடன் படையெடுக்க, அவர்கள் அத்தனை பேரும் முதலில் தேடுவது இயக்குநரை அன்று, தம்பியை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ‘செர்ப்’ என்னும் நிதி வாரியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் கரைந்தபோது, நாட்டின் அறிவியல் கொள்கையில் அது ஒரு திருப்பம் என்று கட்டுரைகள் வெளிவந்தன. தம்பிக்கு அது, அச்சடித்து வைத்த கடித உறைகளில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதும் வேலையாக வந்து சேர்ந்தது.

ஊதிய விஷயம் சற்று நுட்பமானது. அமெரிக்காவில் மாணவர் வேலைக்கென்று 1964 முதல் கூட்டரசின் நிதித் திட்டமே இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இலேயே இளங்கலை மாணவர்களை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளத் தனித் திட்டம் தொடங்கிவிட்டது. நம் ஆராய்ச்சித் திட்டங்களின் வரவு செலவில் ‘ஆள்பலம்’ என்ற தலைப்பு உண்டு; ஆனால் அது முதுகலையும் தகுதித் தேர்வும் முடித்து, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளர் போன்றோருக்கு உரியது. பட்டம் முடிக்காதவனை ஆள் என்று கொள்ள அத்தலைப்பு இடம் தராததால், அவனுக்கான தொகை ‘கன்டின்ஜென்சி’ எனப்படும் சில்லறைச் செலவுத் தலைப்பில், பிரின்டர் மைக்கும் கூரியர் கட்டணத்துக்கும் நடுவே எழுதப்படுகிறது. அத்தொகை மாதந்தோறும் ஐயாயிரத்தைத் தாண்டாமல் நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு: ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரசீதில்தான் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்பை எந்தத் தலைப்பில் வாங்குவது என்று கணக்கருக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

எனினும் தம்பியின் உண்மையான மதிப்பு வெளிப்படுவது, ஆராய்ச்சி அவனுடைய ஊருக்கே வரும்போதுதான்; வடசென்னையைப் பொறுத்தவரை அது அடிக்கடி வருகிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, கரையொதுங்கிய எண்ணெய் வாளிகளால் அள்ளப்பட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோதும், அதே மாதம் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோதும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய மக்களைப் பின்தொடர்ந்து வினாத்தாள்களும் வந்தன. வினாத்தாளுடன் வரும் ஆய்வாளருக்குக் குப்பத்தின் குறுக்குச் சந்துகள் தெரியாது. தம்பிக்கு அங்கே ஆயா வீடு இருக்கிறது.

வினாத்தாளில் பெரும்பாலும் லிக்கர்ட் அளவுகோல் இருக்கும். 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த இம்முறையில், ஒரு கூற்றை முற்றிலும் மறுப்பவருக்கு ஒன்று என்றும் முற்றிலும் ஏற்பவருக்கு ஐந்து என்றும் மதிப்பெண் இடப்படும். கழிமுகத்தில் முட்டளவுச் சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்துக் காலம் கழித்த கிழவியிடம், இறால் வரத்து குறைந்துள்ளது என்ற கூற்றை எந்த அளவு ஏற்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்பார். கிழவி அவரை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்புவாள்.

“இன்னா கண்ணு, போன வருஷம் வந்தவங்களும் இதைத்தான கேட்டாங்க? கொறஞ்சிபோச்சினு சொல்லித்தான அனுப்பினேன், எய்திக்கலியா?”

“எய்திக்கினாங்க ஆயா. இது வேற ப்ராஜெக்ட்டு.”

“அட போடா.”

‘அட போடா’ என்பதற்கு ஒன்றா ஐந்தா என்று ஆய்வாளர் திகைத்து நிற்க, தம்பி தயங்காமல் ஐந்தைச் சுழித்து அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். தென்னமெரிக்காவிலிருந்து வந்து கழிமுகத்தின் அடித்தளத்தைக் கம்பளமாக மூடி இறாலையும் மஞ்சள் மட்டியையும் விரட்டிய சிப்பியை ‘மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா’ என்று ஆய்வறிக்கை எழுதும். அதையே மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்பதையும், மிதித்தால் காலைக் கிழிக்கும் என்பதையும், ஆகவே சேற்றில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது என்பதையும் ஆய்வாளர் இறங்கிய பிறகு சொல்வதா, முன்பே சொல்வதா என்பது அன்றைய மதியச் சாப்பாட்டின் தரத்தைப் பொறுத்தது. வீட்டு வருமானம் பற்றிய பக்கத்தைக் கணினியில் ஏற்றுகையில் தன் தாயார் சொன்ன தொகையைக் கண்டு அவன் திடுக்கிடுவதும் உண்டு. ரகசியம் காப்பதாக ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதித் தந்திருப்பதால் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்க இயலாது.

தெருவில் அவனுடைய மதிப்பு தனி. ‘யுனிவர்சிட்டில கீறான்’ என்ற ஒரே செய்தியால், அரியர் தாளை மறுமதிப்பீடு செய்வது முதல் மாமா மகளுக்கு எம்.பி.ஏ. இடம் வாங்குவது வரை அனைத்தும் அவனால் ஆகும் என்று தெரு நம்புகிறது. தன் சொந்தக் கல்லூரியில் தனக்கே இரண்டு அரியர் இருப்பதை அவன் வெளியே சொல்வதில்லை.

ஆராய்ச்சிப் பிரிவில் கோப்பு தேடி அலையும் பேராசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: தம்பிக்குக் காலையில் வகுப்பு, ஆகவே இரண்டு மணிக்குமேல் வருக, நவம்பரிலும் ஏப்ரலிலும் அவனுக்கு செமஸ்டர் தேர்வு, அப்போது இயக்குநரே இருந்தாலும் வந்து பயனில்லை.