பண்டத்தரிப்புச் சந்தியில் வழங்கும் அணித்தேர்வுச் சாஸ்திரம்: ஓர் ஆராய்ச்சி

பண்டத்தரிப்பு என்னும் ஊரைக் குறித்து இதுகாறும் எழுதினோர், அமெரிக்க மிஷன் வைத்தியர் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டில் அங்கு வந்தமர்ந்து மருந்தையும் வேதத்தையும் ஒருசேர வழங்கிய சரித்திரத்தையும், மாதகற் கடலின் அண்மையையும், சந்தையின் மரக்கறி விசேஷத்தையும் விரித்துரைத்தனரேயன்றி, அவ்வூர்ச் சந்தியிலுள்ள தேநீர்க்கடை ஒன்றின் வாங்கில் நாடோறும் பொழுதுபடுகிற நேரத்தில் நடந்தேறும் ஒரு சாஸ்திர விசாரத்தைக் கண்ணெடுத்தும் பார்த்தாரல்லர். லங்கா பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பேரால் ஆடும் அணி அடுத்த பருவத்துக்கு எவரை எடுத்தல் வேண்டும், எவரை விடுத்தல் வேண்டும், எடுத்தும் விடுத்தும் ஆனபின் கிண்ணம் வருமோ வராதோ என்பதே அவ்விசாரம். அக்குறையை நீக்குமாறு 2025 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழைக்கு ஒதுங்குவார் போல அவ்வாங்கின் ஓரத்தில் இருந்து கேட்டவற்றை ஈண்டு முறைப்படுத்துகின்றோம்.

ஆராய்ச்சிக்குப் பொருளாகிய அணியின் இலக்கணத்தை முதற்கண் வரையறுத்தல் மரபு. இது 2020 இல் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்னும் நாமத்தோடு அவதரித்து, அவ்வருஷம் டிசம்பர் 16 ஆந் திகதி அம்பாந்தோட்டையிலே காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று முதற்கிண்ணத்தைக் கைக்கொண்டு, மறுவருஷம் உரிமை கைமாறியதனால் ஜஃப்னா கிங்ஸ் என்று பெயரும் மாறி, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடி, 2024 வரை நடந்த ஐந்து பருவங்களில் நான்கைத் தனதாக்கிக் கொண்டது. இத்தனை பிரதாபமும் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்னும் தலங்களிலே நிகழ்ந்தனவேயன்றி, யாழ்ப்பாண மண்ணில் இவ்வணி போட்டிக்கென்று ஒரு பந்தேனும் வீசியதில்லை. அதுவுமன்றி, 2025 ஏப்ரிலில் இவ்வணியினதும் கொழும்பு அணியினதும் உரிமையாளரோடு செய்திருந்த உடன்படிக்கைகளை இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் முடிவுறுத்திவிட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஆரம்பமாவதாயிருந்த போட்டியையும், உலகக் கிண்ண ஆயத்தங்கருதி, ஒக்டோபரிலே பிற்போட்டுவிட்டது. ஆகவே நாம் ஆராய்ந்த மாதத்தில் அவ்வணிக்கு மைதானமில்லை, உரிமையாளரில்லை, பயிற்றுநரில்லை, ஆட்டக்காரரில்லை, ஆடுதற்கு ஆட்டமும் இல்லை. இத்தகைய அணிக்கு மூன்றாவதாக இறங்கவேண்டியவர் எவர் என்னும் வினாவின் நிமித்தம், சிறுவயது முதல் சிநேகிதரான இருவர் அம்மாதம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தமையை நாம் நேரிற் கண்டோம்.

பிறதேசத்தாரிடத்தும் இவ்வித்தை உண்டென்பதை மறுத்தற்கில்லை. நியூசிலாந்து தேசத்தில் மாகாணந்தோறும் ரக்பி அணியொன்றிருக்க, ரன்ஃபேர்லி கேடயம் என்னும் பரிசுக்காக 1904 முதல் அவை தம்முட் பொருது வருகின்றன; நமது யாழ்ப்பாணப் பட்டணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் கிரிக்கெட்டில் தம்முட் பொருதத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே என்பதை இங்குக் குறித்துவைத்து, அதற்குமேல் அதிலிருந்து யாதும் வருவிக்காது விடுகின்றோம். அந்நாட்டு ரசிகரும் எவரை எடுப்பது, எவரை விடுப்பது என்றே வாதிப்பர். ஆயினும் அவர்களுக்குச் சொந்த மைதானமும், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரும், தவறாத பருவமும் உள ஆதலின், அவர்தம் விவாதம் சனிக்கிழமை பிற்பகலில் முடிவு கண்டுவிடுகின்றது. ஒரு கிழமையில் முடிவு காணும் விவாதத்தைச் சாஸ்திரமென்று ஒப்புக்கொள்ளப் பண்டத்தரிப்பார் ஒருப்படார்.

உள்ளூர் விளையாட்டுக்களைப் பற்றி இவ்வாறு வாதித்தலாகாதோ என்று ஓர் ஆட்சேபம் எழலாம். உதைபந்துக்கு இளவாலையும் நாவாந்துறையும் பாசையூரும், கரப்பந்துக்கு ஆவரங்காலும் என்று குடாநாட்டிலே கீர்த்தி பெற்ற ஊர்கள் உள்ளனவன்றோ? உள்ளன. ஆனால் அங்கே ஆட்டக்காரன் அடுத்த வளவிலிருப்பவன். அவனைக் கழித்துவிடவேண்டுமென்று உரத்துச் சொன்னால் அவன் தமையன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பான். அச்சமின்றி அணித்தேர்வு நிகழ்த்துதற்கு ஆட்டக்காரன் அயலில் இல்லாமை இன்றியமையாதது. இவ்வணிக்கு ஆடிய பாகிஸ்தானியர் சுயிப் மலிக்கைச் சியால்கோட்டுக்குத் திருப்பியனுப்பிவிட்டு ஒருவர் நிம்மதியாக வீடு சேரலாம்.

இனி, இவ்வித்துவான்கள் தம் கொள்கைகளை எப்பிரமாணங்கொண்டு நிறுவுகின்றனர் என்பதை ஆராய்வாம். அளவைகள் பத்து என்பாருமுளர். சிவஞான சித்தியார் அவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கும். சந்தி வாங்கிலோ பத்தும் தனித்தனியே உயிரோடு உலாவுகின்றன.

காண்டல் என்பது ஓட்டோ செலுத்துபவர் ஒருவரின் கைத்தொலைபேசியிற் காண்பது. அதன் கண்ணாடியிலே மூலைக்கு மூலை ஒரு கீறல் ஓடுகின்றது. ஐந்து தலைகள் அதன்மேற் குனிய, பழைய ஆட்டமொன்றைப் போட்டுக் காட்டுமிடத்து, பந்து கீறலுக்கு மேலே சென்றதோ கீழே சென்றதோ என்பதில் ஐயம் விளைந்து, எல்பிடபிள்யூ கொடுத்தது சரியோ பிழையோ என்பதற்குக் கீறலும் ஒரு காரணமாகின்றது.

கருதலில் இவர்கள் மிக வல்லர். கிண்ணம் வந்த ஆண்டுகளை ஆராய்ந்த தச்சுத்தொழிலாளர் ஒருவர், 2020, 2022, 2024 என்பன இரட்டைப்பட்ட ஆண்டுகளாதலாலும், ஒற்றைப்பட்ட 2023 இற் கிண்ணம் கண்டிக்குப் போய்விட்டமையாலும், யாழ்ப்பாணம் இரட்டையாண்டிலேயே வெல்லும் என்று வியாப்தி கூறினார். 2021 இலும் வென்றதே என்று கேட்டோம். அவர் சற்றும் தளராது, கொரோனாவினால் 2020 இன் பருவம் பிந்தித் தொடங்கியதாகலின், 2021 இற் கிடைத்தது 2020 இன் பாக்கி என்றார். தருக்க நூலார் ஏதுப்போலிகளை வகுத்தபோது இவ்வகையை வகுத்திலர். அது அவர் காலத்தின் குறையாகும்.

பொருள் என்னும் அருத்தாபத்திக்கு நூல்கள் காட்டும் உதாரணம் யாவரும் அறிந்தது: பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருப்பானாயின் அவன் இரவில் உண்கின்றான் என்பது பெறப்படும். சந்தியில் இது இவ்வாறு பிரயோகமாகின்றது: ஒருவன் வருஷம் முழுவதும் ஓட்டம் எடுத்திலன், ஆயினும் அவனை அணியில் எடுத்துள்ளனர், எனவே அவனுக்கு எங்கேயோ ஒரு மாமன் உளன். ஐதிகமோ, இந்த ஆலமரத்திற் பேயுண்டு என்பது போல, முதலிற் சொன்னவர் இன்னாரெனத் தெரியாது வழங்கிவரும் உரை. “தென்னாபிரிக்காவில இருந்து ஒரு பெரிய ஆள் வருகுதாம்” என்னும் வாக்கியம் இவ்வகைத்து. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால், ரொறன்ரோவிலுள்ள மச்சானிடமிருந்து லண்டனிலுள்ள சித்தப்பாவிடம் போய், அங்கிருந்து வந்ததாக அறிகின்றோம். ரொறன்ரோ மச்சானுக்கோ அது பண்டத்தரிப்பிலிருந்தே போயிருக்கின்றது.

கொள்கையளவில் இவர்கள் இரு சமயத்தவர். மண்வாதிகள் என்று நாம் பெயரிடும் முதற்சாரார்க்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலைவர். அணியிற் சிலரேனும் குடாநாட்டு மைதானங்களில் முழங்கால் தேய்ந்தவராதல் வேண்டுமென்பது அவர் சித்தாந்தம். கிண்ணவாதிகளாகிய மற்றச் சாரார், வெல்லுகிறவன் எவனோ அவனே யாழ்ப்பாணத்தான் என்பர். இவர்களுக்கு வேதம் 2020, 2021, 2022 மூன்று ஆண்டுகளிலும் தலைமை தாங்கிக் கிண்ணம் பெற்றுத்தந்த திசர பெரேரா. ஒரு மாலையில் நிகழ்ந்த வாதத்தை உள்ளபடியே தருகின்றோம்.

“மாஸ்டர், திசர இல்லாட்டி எங்களுக்கு மூண்டு கப் எங்கால?”

“நான் அவரைக் குறை சொல்லேல்லைத் தம்பி. பதினொண்டில ஒருத்தனெண்டாலும் எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவனா இருக்கோணுமோ இல்லையோ?”

“அப்ப ரூசோ எந்தப் பள்ளிக்கூடம்?”

2024 இறுதியாட்டத்தில் ரைலி ரூசோ சதமடிக்க, குசல் மெண்டிஸ் துணைநிற்க, காலி மார்வல்ஸ் அணியை ஒன்பது விக்கெட்டுகளால் வென்ற அன்று இவ்வாசிரியரே எழுந்து நின்று கைதட்டினார் என்பது வாங்கில் எல்லார்க்கும் தெரியுமாதலின், அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலெடுத்துக் கொண்டு மறுமொழி கூறாது விட்டார்.

இவ்விரு சமயமும் வணங்கும் ஒரே மூர்த்தி விஜயகாந்த் வியாஸ்காந்த். மத்திய கல்லூரியிற் பயின்ற இச்சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசம்பர் 4 இல், தமக்குப் பத்தொன்பது வயது நிறைவதற்கு முதல்நாள், இவ்வணிக்காக இறங்கி அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை வீழ்த்தியதும், 2024 இல் இந்தியாவிலே சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடியதும் சந்தியிற் புராணமாக வழங்குகின்றன. மண்வாதிக்கு அவர் மண். கிண்ணவாதிக்கு அவர் விக்கெட். அவரை எத்தனையாவது ஓவருக்கு அழைப்பது என்பதில் மாத்திரம் ஒற்றுமை குலைகின்றது.

ஆட்டக்காரனை மதிப்பிடும் முறையைக் கூர்ந்து நோக்குமிடத்து, இது கலியாணம் பேசுகிற முறையிலிருந்து பெறப்பட்டதென்பது எமது துணிபு. எந்த ஊர், எந்தக் கல்லூரி, தகப்பன் என்ன செய்கிறார், முன்பு எந்த இடத்திற் பேசிக் குழம்பியது, வெளிநாடு போகிற எண்ணம் உண்டோ, முழங்காலில் ஏதும் வருத்தமோ என்னும் வினாக்கள் வரிசையும் பிறழாது வருகின்றன. அவற்றுக்குப்பின் விலையும் வருகின்றது. 2023 இல் முதன்முறையாக ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்தபோது, டில்ஷான் மதுஷங்கவுக்கு யாழ்ப்பாண அணி 92,000 டொலர் கொடுத்தது. அது அக்காலத்து நாணயமாற்றில் இரண்டரைக் கோடி ரூபாவுக்கு மேல். அத்தொகைக்குப் பண்டத்தரிப்பில் எத்தனை பரப்புக் காணி வாங்கலாம், கிணற்றோடோ கிணறில்லாமலோ, றோட்டுக்கரையோ உள்ளொழுங்கையோ என்று கணக்கிடத் தொடங்கியவர்கள் இன்றளவும் முடித்திலர். மதுஷங்க வீசும் இடக்கை வேகப்பந்து உள்ளே வருமோ வெளியே போகுமோ என்பதைக் காட்டிலும், அந்தக் காசைக் காணியிற் போட்டிருக்கலாம் என்பதே சபையின் ஏகமனதான அபிப்பிராயம்.

எதிர்காலப் பருவங்களின் பலாபலன் கூறும் பகுதி, 2025 செப்டெம்பர் 1 ஆந் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க மண்டைதீவிலே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியதன் பின் பெரிதும் விருத்தியடைந்துள்ளது. கல் நாட்டிய மறுவாரமே காற்றைப் பற்றிய சர்ச்சை மூண்டது. நாற்புறமும் கடல் சூழ்ந்த அவ்விடத்திற் சோளகம் வீசுங்காலத்து எந்த முனையிலிருந்து சுழல் வீசுவது, வாடை தொடங்கியபின் எந்த முனையை வேகத்துக்கு விடுவது, உப்பங்காற்றிற் புல் பிடிக்குமோ பிடிக்காதோ என்றெல்லாம் விரிந்த வாதத்தில், முன்பு கடற்றொழில் செய்த பெரியவர் ஒருவர் சொன்னதற்கு அப்பீல் இல்லாதிருந்தது: சோளகத்திலே அங்கே பந்து உயர்ந்தால் பிடிக்கிறவன் வள்ளத்தில் நிற்கவேண்டும். அணி முதற்றடவையாகத் தன் பெயருக்குரிய நிலத்தில் ஆடுங்காலத்து இச்சாஸ்திரம் என்னவாகும் என்பது எமக்குக் கவலையளிக்கின்றது. அன்று பஸ் ஏறி நேரிலே போய்ப் பார்க்கலாம். பார்த்தபின் காண்டல் ஒன்றே எஞ்ச, மற்றை ஒன்பது பிரமாணங்களுக்கும் தொழிலில்லாது போய்விடும்.

இவ்விடத்தில், இறுதிவரை நாம் ஒதுக்கிவைத்த அபாவம் என்னும் அளவை வந்து துணைசெய்கின்றது. இங்குக் குடமில்லை என்று அறிவதும் ஓர் அறிவே என்பது அதன் இலக்கணம். போட்டி பிற்போடப்பட்டதென்னும் செய்தி சந்திக்கு எட்டிய அன்று, வாங்கு வெறுமையாயிருக்குமென எதிர்பார்த்துச் சென்றோம். மழை வேறு. வாங்கில் இடமில்லாது இருவர் சீமெந்து மூடையின்மேல் இருந்தனர். கடைக்காரர் வடைத்தட்டைக் கண்ணாடிப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டார்:

“மட்சும் இல்லை, ரீமும் இல்லையெண்டுறாங்கள். நீங்கள் இனி ஆரை எடுக்கப் போறியள்?”

“உரிமையாளர் இருந்தாத்தான் அண்ணை காசுக்கு அளவு” என்றார் ஓட்டோக்காரர். “இப்ப ஆரையும் எடுக்கலாம்.”

அன்று மாலை எடுக்கப்பட்டோர் தொகை பதினொன்றுக்கு மிகவும் மேற்பட்டது. காலமான ஒருவரும் இருநாட்டு அணித்தலைவர் மூவரும் அதில் அடங்குவர். வெளிநாட்டு ஆட்டக்காரர் நால்வர்க்கு மேல் ஒரு பதினொருவரில் இறங்கலாகாது என்று ஆசிரியர் விதியை நினைவூட்ட, அவ்விதியை வகுத்தவர்களே போட்டியைப் பிற்போட்டுவிட்டமையால் விதியும் உடன் பிற்போடப்பட்டது என்று தச்சுத்தொழிலாளர் சமாதானம் கூறினார். விக்கெட் காப்பாளர் குசல் மெண்டிஸா வேறொருவரா என்பதில் மட்டும் உடன்பாடு எட்டவில்லை. இதனிடையே, பேசாதிருந்த சிநேகிதர் இருவரும் மூன்றாமிடத்துக்கு எவரென்பதை விட்டு, நான்காமிடத்துக்கு எவரென்பதில் மாறுபட்டு மீண்டும் பேசத் தொடங்கியிருந்தனர். பிளேன்ரீக் கணக்கு மாஸ்டரின் பேரில் எழுதப்பட்டது. காப்பாளர் விஷயம் மறுநாளைக்கு வைக்கப்பட்டது. மறுநாள் பூர்வபட்சம் பேசும் முறை ஓட்டோக்காரருடையது.