காலாண்டுத் தேர்வு முடிவுகள்

1991-இல் பிளஸ் டூ முடித்த பெண்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் மதிப்பெண்தான் பேச்சு. அன்று 1200-க்கு எவ்வளவு என்று கேட்டவர்கள் இன்று ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்கிறார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கதையை அது சொல்லிவிடும்; முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. ஆகவே இதுவும் காலாண்டுத் தேர்வுதான். என்ன, இதில் குறைவாக வாங்கியவளுக்கே முதல் ரேங்க்.

“6.1தான்டி” என்று அடக்கமாகச் சொல்பவள், அன்று “சரியாவே எழுதலைடி” என்று அழுதுவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கியவள். கடைசி பெஞ்சுக்காரி 9.2 என்று போட்டுவிட்டு, கூடவே மைசூர்பாகு படமும் போடுகிறாள்.

பிள்ளைகளின் அமெரிக்க வேலை, முழங்கால் தேய்மானம் எல்லாம் விலாவாரியாக வரும். மெனோபாஸ் என்று ஒருத்தி வாய் திறந்தால் மட்டும் நாலு பேர் அவசரமாக ‘குட் மார்னிங்’ ரோஜாவை அனுப்பி மூடிவிடுகிறார்கள். இனப்பெருக்கப் பாடத்தை “வீட்டிலேயே படிச்சுக்குங்க” என்று டீச்சர் தாண்டிப் போனதன் பலன். இப்போது பார்த்தால், கட்டாயக் கேள்வியே அதில்தான்.