விரல் இறங்கட்டும்

தலைமைப் பண்பு பற்றி உருப்படியாக மூன்று விஷயம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை கோவையில் பயிற்சி வகுப்பு நடத்தப் போன இடத்தில் ஒரு பம்ப் கம்பெனி எம்.டி. என் மூக்குக்கு நேரே தூக்கிய ஆள்காட்டி விரல் இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது. அதை ஒரு வழி பண்ணிவிட்டு மூன்று விஷயத்துக்கு வருகிறேன்.

சேரன் எக்ஸ்பிரஸ் சைடு அப்பரில் மடங்கிப் படுத்து, விடியற்காலையில் இறங்கி, லாட்ஜில் குளித்து, வாடகையோடு சேர்ந்த ஆறின பொங்கலைத் தின்றுவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் போய் நின்றேன். கேட்டில் என் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து சீரியல் நம்பரைத் தேடி எழுதினார்கள். பிறகு ரிசப்ஷன் சோபா. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, தொழிற்சாலையில் நடக்கும் விரயங்களை ஏழாகப் பிரித்தார். முதலாவது, தேவைக்கு மேல் தயாரிப்பது. "ரெண்டாவது விரயம், காத்திருத்தல்" என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. விரல் எழுந்தது.

விரலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது போனை எடுக்காத மேலதிகாரி எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ச் சேவித்துவிட்டு வருகிறேன். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்திலும் ஒரு விரலைத் தூக்குவோம். அவசரம் தூக்கியவனுக்கு, வாத்தியார் பார்த்துப் போகச் சொல்வார். இங்கே தூக்கியவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். அவசரம் எதிரில் இருப்பவனுக்கு வருகிறது.

ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பில் எனக்குக் கிடைத்த ஒரே புலமை இந்த விரல் சாஸ்திரம்தான். ஓசூரில் ஒரு ஜி.எம். விரலைத் தூக்கவே மாட்டார். போனில் பேசிக்கொண்டே அதை நம் பக்கம் சுழற்றிக் காட்டுவார். 'நீங்க சொல்லுங்க, ஒரு காது இங்கதான் இருக்கு' என்று அர்த்தம். எந்தக் காது என்பதை நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக்காரருக்குக் கைக்கு ஒரு போன். தூக்க விரல் மிச்சமில்லாததால் புருவத்தைத் தூக்குவார். சிவகாசியில் ஒரு பெரியவர் போனை வாங்கிக் காதில் வைக்கும்போதே, பின்னால் நிற்கும் உதவியாளர் அவர் சார்பில் விரலைத் தூக்கிவிடுவார். அதிகாரப் பரவலாக்கம் என்று ஸ்லைடு போட்டு நான் சொல்லிக்கொடுப்பதை அந்தக் கம்பெனி எப்போதோ அமல்படுத்திவிட்டது. சென்னை ஐ.டி. கம்பெனிகளில் அந்த விரலும் கிடையாது. காதுக்குள் வெள்ளையாக என்னவோ இருக்கும்; கண் மட்டும் லேசாக வெளியூர் போகும். நாம் பேசிக்கொண்டே இருப்போம். விரல் எவ்வளவோ மரியாதை.

கோவைக்கு வருகிறேன். விரல் எழுந்தபோது என் வாய் பாதி திறந்திருந்தது. அதை மூடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா என்று எந்த மேனேஜ்மென்ட் புத்தகமும் சொல்லவில்லை. நம் போனை எடுத்துப் பார்க்கலாம் என்றால், தினக்கூலிக்கு வந்தவன் முதலாளியோடு போட்டி போடுவதாக ஆகிவிடும். ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் ஆளை மணிக்கணக்கில் நிற்க வைத்து வேலை நடப்பதைக் கவனிக்கச் சொல்வாராம். எனக்குக் கவனிக்கக் கிடைத்தவை பிள்ளையார், மாலை போட்ட அப்பா, ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ். "இல்லீங்க மச்சான், சந்தவைக்குத் தேங்காப்பாலு தனியா வெக்கோணும். போன தடவை மாதிரி கலந்துராதீங்க" என்றார் எம்.டி. யார் வீட்டுக் கல்யாணமோ. பேச்சு சந்தவையிலிருந்து மண்டப வாடகைக்குப் போன பிறகும் விரல் இறங்கவில்லை. கை கடுக்காதா என்று பார்த்தேன். முழங்கையை மேஜையில் ஊன்றியிருந்தார். பழகிய கை.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை அதிகாரிகளின் கூடவே இருந்து பார்த்து 1973இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிஷம்கூட நீடிக்கவில்லை. தலைமை என்றால் துண்டு துண்டாகத்தான் ஓடும் என்கிறார். சரி. ஆனால் அந்தத் துண்டுகளுக்கு நடுவில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவன் கணக்கை அவரும் எடுக்கவில்லை.

போனை வைத்தார். "எங்க விட்டோமுங்க?"

"ரெண்டாவது, காத்திருத்தல்..."

"அது தெரிஞ்சதுதானுங்களே. மூணாவதுக்குப் போங்க."

மத்தியானம் ஃபவுண்டரிக்குக் கூட்டிப்போனார்கள். லேடிலில் உருகிய இரும்பு, 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல், தகதகவென்று. வரிசையாக மோல்டுகள். ஊற்றலாம் என்று தலையசைக்க வேண்டிய சூப்பர்வைசர் தம்பிக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. லேடில்காரரைப் பார்த்து அவன் தூக்கினான் பாருங்கள், அச்சு அசலாக அதே விரல், அதே கோணம். முழங்கை ஊன்ற மேஜை இல்லை என்பதுதான் வித்தியாசம். நான் ஏழு விரயத்தையும் அரை நாள் நடத்தியும் ஏறாத பாடம், எம்.டி. வாயே திறக்காமல் கடைசிப் படி வரைக்கும் இறங்கியிருக்கிறது. என்ன சிக்கல் என்றால், உருகிய இரும்பு சம்பளத்துக்கு இருப்பதில்லை. அது ஆறும். ஆறின இரும்பை ஊற்றினால் மோல்டுக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஓடி வருவது ஒன்றோடொன்று ஒட்டாமல் கோடு விழும். 'கோல்டு ஷட்' என்பார்கள். அந்தப் பீஸை மறுபடி உருக்க வேண்டியதுதான். ஓனோ பட்டியலில் இந்தப் பழுதுதான் ஏழாவது விரயம். ரிப்போர்ட்டில் இதை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று யோசித்து, 'தகவல் தொடர்பு' என்று போட்டேன். பில் பாஸாக வேண்டுமே.

பில்லை மறுநாளே அனுப்பிவிட்டேன். என்னைப் போன்ற குறுந்தொழில்காரனுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சொல்லட்டும். அதைப் படித்த அக்கவுன்ட்ஸ் மேனேஜரை நான் சந்தித்ததில்லை. பில்லில் போட்ட 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மட்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதமே நான் கையிலிருந்து கட்டியாக வேண்டும். மூன்று விஷயம் வேண்டும் என்கிறவர்கள் அந்தச் செலானுக்கு ஒரு வழி சொல்லட்டும், எழுதித் தருகிறேன்.