பாதையில் போன கலப்பை

அப்பாவின் உழவு மெசின் கலப்பை உடைந்தது மாரி தொடங்கும் நேரத்தில். 1980களின் நடுப்பகுதி. எங்கள் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. அந்நாளில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. இரும்பை ஒட்ட வேண்டுமென்றால் மட்டக்களப்பு வாவியைத் தாண்டி எழுவான்கரைக்குத்தான் போக வேண்டும். கலப்பையைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்து நின்றோம். பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு பட்டறை. அங்கேதான் முதன்முதலாக வெல்டிங் மெசினைக் கண்டேன். அரிசிப் பெட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே செப்புச் சுருளும் எண்ணெயும். நாலு பேர் பிடித்தால்தான் அசையும். பட்டறைக்காரரை எல்லோரும் மாமா என்றே கூப்பிட்டார்கள்.

“மனே, அங்கால திரும்பி நில்லு. நெருப்பைப் பாக்கப்படாது” என்றார்.

திரும்பித்தான் நின்றேன். ஆனால் மீன் பொரிவது போல ஒரு சத்தம் கேட்டது. சுவரெல்லாம் நீல வெளிச்சம். பத்து வயதுப் பையனால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? பார்த்துவிட்டேன். பார்த்தபோது ஒன்றும் செய்யவில்லை. நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரிந்தது. விடியும்வரை அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தா. வெல்டிங் சுடரில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது, அது கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது, வலி சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. பாதைக்குக் காத்து நின்ற துறையை இன்று இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். போன வருசம் அந்தப் பாலத்தால் என் சொந்த வெல்டிங் மெசின் வந்தது, மகனின் மோட்டார் சைக்கிள் கைபிடியில் ஒரு பையில் தொங்கிக்கொண்டு. ஐந்து கிலோகூட இல்லை.

எடை எங்கே போனது? பழைய மெசின் செக்கனுக்கு 100 தடவை திசை மாறும் வீட்டு மின்சாரத்தை அப்படியே வாங்கியது. அந்த வேகத்துக்குப் பெரிய இரும்பு உள்ளகமும் நிறையச் செம்பும் வேண்டும். இன்வேட்டர் மெசின் அதே மின்சாரத்தைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி மாற்றுகிறது. வேகம் கூடினால் சின்ன உள்ளகமே போதும்.

வாங்கப் போன அன்று கடையில் மகன் “300 எண்டு போட்டிருக்கிறதை எடுப்பம் அப்பா” என்றான். முதல் மெசின் வாங்கும் எவருக்கும் கை போவது பெரிய எண்ணுக்குத்தான். நான் வீட்டிலிருந்தே ஒரு கணக்கோடு போயிருந்தேன். வீட்டு வேலைக்கு 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி போதும். அதற்கு 60 முதல் 90 அம்பியர். மெல்லிய பொக்ஸ் பாருக்கு 2 மில்லிமீற்றர் குச்சி, இன்னும் குறைவு. 80 அம்பியரில் ஒட்டும்போது சுடரில் ஏறக்குறைய 23 வோல்ற். இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 12, 14 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கின் எல்லை அதோடு சரி. 160 அம்பியர் கேட்டால் சுவரில் 30 அம்பியருக்குக் கிட்டப் போகும். எங்கள் வீட்டு இணைப்பே 30 அம்பியர்தான். 300 என்று எழுதிய மெசின் அந்த வீட்டில் என்ன செய்யும்?

மெசினின் மேல் ஓட்டில் இருக்கும் எண்ணைவிட, பின்பக்கத் தகட்டில் இருக்கும் விழுக்காட்டைப் பாருங்கள். 160 அம்பியர், 20 வீதம் என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஒட்டலாம், எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தத் தகடே இல்லாத மெசினை நான் கையால் தொடவில்லை.

கடைக்காரத் தம்பி வயர் ஓடும் மிக் மெசினையும் காட்டினார். வேலை சுத்தமாக வரும், பழகுவதும் சுகம். ஆனால் சாதாரண மிக்குக்கு வாயுச் சிலிண்டர் வேண்டும். எங்கள் முற்றத்தில் கச்சான் காற்று அடித்தால் உருகிய இரும்பை மூடி நிற்கும் அந்த வாயு பறந்துவிடும், ஒட்டு புழுத்துப்போகும். குச்சியின் மேல்பூச்சு எரிந்து தானே புகையாகவும் கசடாகவும் மூடிக்கொள்ளும். திறந்த வெளியில் ஒட்டுகிறவனுக்குக் குச்சி மெசின்தான் சரி. 160 அம்பியர் இன்வேட்டர் ஒன்றை எடுத்தேன். மிஞ்சிய காசை மெசினுக்கு வெளியே செலவழித்தேன்: தடித்த வயர், தோல் கையுறை, ஈரம் படாமல் குச்சிகளை வைக்க மூடியுள்ள தகரப் பேணி. வாவிக்கரை ஈரத்தில் நமுத்த குச்சியில் சுடர் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்புக் காற்றுக்குப் பயந்து எங்கள் பகுதியில் கேற்றும் பந்தலும் நாகம் பூசிய ஜீ.ஐ. குழாயில்தான் செய்கிறோம். அந்தப் பூச்சை உரசி எடுக்காமல் ஒட்டினால் வெள்ளைப் புகை வரும். அதை இழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல். பால் குடித்தால் சரி என்ற பேச்சை நம்பாதீர்கள். பூச்சை உரசுங்கள், புகை முகத்துக்கு வராதபடி நில்லுங்கள், ஒட்டியபின் நாகப் பெயின்ற் அடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் கறல் பிடிக்கும்.

முதல் வேலை எங்கள் கேற்றின் பிணைச்சல். மூன்று முறை குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது. நாலாம் முறை அந்த மீன் பொரியும் சத்தம் கேட்டது. கை தானாக நிதானமானது.

அடுத்த வீட்டுப் பையன் வேலியடியில் நின்றான். எனக்குக் கண் எரிந்த அதே வயது. அவனைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. நான் வாங்கியது இரண்டு முகமூடி, சுடர் வந்ததும் தானாகக் கறுக்கும் வகை. ஒன்றை அவன் தலையில் இறுக்கி, கழுத்துவரை சட்டைப் பொத்தானைப் பூட்டி, இரண்டு எட்டுத் தள்ளி நிறுத்தினேன். மறுபடி சுடர் பிடித்தது.

“என்ன தெரியுது மனே?”

“இரும்பு தண்ணி மாதிரி ஓடுது மாமா. பின்னால கட்டியாகுது.”

அவ்வளவு தெளிவாக அவன் கண்டான். எழுவான்கரைப் பட்டறையில் நான் பார்க்க ஆசைப்பட்டதும் அதைத்தான்.