எந்த டி.வி.ல, எத்தனை மணிக்கு?

2008 வாக்கில் மதுரையில் யாரிடமாவது "இன்டர்நெட்ல ஒரு தொடர் எடுக்கிறோம்" என்று சொன்னால், பதிலுக்கு ஒரு கேள்வி தயாராக இருக்கும்: "எந்த டி.வி.ல, எத்தனை மணிக்கு?" டி.வி.யில் இல்லை, கம்ப்யூட்டரில், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்குவோம். எப்போது வேண்டுமானாலும் என்றால் அவசரம் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? அவர்களும் அவசரப்படவில்லை.

நாங்கள் நாலைந்து பேர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பங்கு பிரித்துப் படிக்கும் இரண்டு பேர், அவர்கள் வாயில் மாட்டும் அன்றைய செய்தி, இதுதான் நிகழ்ச்சி. கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் பேனசோனிக் எம்.டி.10000 கேமரா இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அது எங்களுக்கு. ஊரில் எல்லா நல்ல காரியங்களும் நின்றுபோகும் ஆடியிலும் மார்கழியிலும்தான் எங்கள் தயாரிப்பு வேகம் எடுக்கும். மிக்சிங்கும் அந்த அண்ணன்தான். ஒரு காட்சி முடிந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் திரையில் ஒரு ரோஜாப்பூ விரியும். வேண்டாம்ணே என்றால், "கை பழகிப்போச்சு தம்பி, தானா போகுது" என்பார். விலைவாசி உயர்வைப் பற்றிய காட்சிக்குப் பின்னால் ரோஜா விரிவது யோசித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது.

அப்போது யூடியூபில் ஒரு வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 2006-ல் வந்த இந்தக் கட்டுப்பாடு 2010-ல்தான் பதினைந்து நிமிடமாகத் தளர்ந்தது. எங்கள் எபிசோடோ இருபத்திரண்டு நிமிடம். டி.வி.யின் அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். டி.வி.க்கு மாற்று என்று புறப்பட்டவர்கள் அளவுக்கு மட்டும் அங்கேதான் துணி வெட்டியிருந்தோம். ஆகவே மூன்று துண்டு. மூன்றாம் பாகத்தை முதலில் பார்த்த ஒருவர், "ஆரம்பம் அமர்க்களம், போகப் போகச் சப்பென்று ஆகிவிட்டது" என்று மெயில் அனுப்பியிருந்தார்.

அன்றைய யூடியூபில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒரு வீடியோ சூடு பிடித்தால் பார்வை எண்ணிக்கை 301-ல் நின்றுவிடும். பார்த்தது மனிதர்களா இயந்திரமா என்று சரிபார்த்த பிறகுதான் மேலே நகரும். இது என்ன கோளாறு என்று பலர் திட்டினார்கள். நாங்கள் அந்தக் கோளாறுக்காக ஏங்கினோம். ஆர்குட்டில் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாருக்கும் ஸ்கிராப் போட்டோம். பிரவுசிங் சென்டரில் காசு கட்டி உட்கார்ந்து நாங்களே திரும்பத் திரும்பப் பார்த்தோம். எண் அசைந்து கொடுக்கவில்லை.

பொதுமக்களிடம் எங்களைக் கொண்டுபோனது கடைசியில் சிம்மக்கல் பக்கம் இருந்த ஒரு செல்போன் கடை. மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவதுதான் அங்கே முக்கால்வாசி வியாபாரம். செல்போன் திரைக்கு ஏற்றபடி எபிசோடைச் சுருக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் பார்த்தார், சிரிக்கவில்லை. "மொதல்ல பாட்டு, அப்புறம் வடிவேலு காமெடி. அதுக்கும் மேல எடம் இருந்தா ஒங்களத ஏத்தி விடுறேன்" என்றார். கார்டில் வடிவேலு விட்டுவைத்த இடத்தில் நாங்கள் குடியேறினோம். அங்கிருந்து புளூடூத்தில் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது. சில மாதம் கழித்து ஆரப்பாளையம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர் இன்னொருவரைப் பார்த்து எங்கள் வசனத்தை, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, அட்சரம் பிசகாமல் சொன்னார். "அண்ணே, அது நாங்க எழுதுனது" என்றேன். "போங்க தம்பி, எங்க மச்சான் செல்லுல வந்தது" என்று சவாரிக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி யூடியூபைத் திறந்து பார்த்தேன். எண்ணிக்கை முந்நூறை எட்டவில்லை.

எங்களைவிட விவரமானவர்கள் வேறு பாதை பிடித்தார்கள். கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் சினிமாவுக்குப் போனார்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' யூடியூபில் பரவி, 2012-ல் அதே பெயரில் தியேட்டருக்கு வந்தது. நெட்டில் ஜெயித்ததற்கு அத்தாட்சி, நெட்டை விட்டு வெளியேறுவது! 2011 நவம்பரில் 'கொலவெறி' உலகம் சுற்றியபோது, இனிமேல் நமக்கும் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டோம். வந்த கூட்டம் அடுத்த சினிமாப் பாட்டுக்குப் போனது.

கூட்டத்தை உண்மையில் அழைத்து வந்தது கதையுமில்லை, கலையுமில்லை. ஒரு சிம் கார்டு. ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்றபோது நல்லெண்ணெய் ஊற்றுவது போல் டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த ஊர், 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் வாளி வாளியாக இறைத்தது. கோபி-சுதாகரின் 'பரிதாபங்கள்', கோவையிலிருந்து 'எருமசாணி' என்று நம்ம ஆட்களே வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்கள். மூலதனம் ஒரு விக், ஒரு துண்டு, மிச்சம் வாய். அதற்கப்புறம் நடந்ததைத்தான் எந்த ஜோசியனும் சொல்லியிருக்க மாட்டான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயக்காட்டில் அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாகச் சமைத்தார்கள். 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அதுவே முதல். அதே ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சமைக்கக் கூடமாட உதவிவிட்டுப் போனார். நாங்கள் திரைக்கதை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஆட்டுக்கால் வாங்கியிருக்கலாம்.

இப்போது கல்யாண வீடியோ அண்ணனிடம் ட்ரோன் இருக்கிறது. அவர் மகன்தான் எங்கள் சேனலைப் பார்த்துக்கொள்கிறான். ஆம், பழைய ஆட்களில் மிஞ்சியவர்கள் திரும்பவும் எடுக்கிறோம். அதே டீக்கடை, டீ மட்டும் விலை ஏறியிருக்கிறது. பார்வைகள் லட்சத்தில் வருகின்றன. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத்தான் வெளியிடுவோம், மாறினால் ஆட்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரத்தை நாங்களே முகம் மலரச் சொல்கிறோம். முடிவில் யாராவது கதவைத் திறந்து திடுக்கிட வேண்டும், அங்கே தொடரும் போட வேண்டும். எந்த மெகா சீரியலைக் கிண்டல் செய்து தொழில் தொடங்கினோமோ, அதன் எல்லா அங்க லட்சணங்களும் எங்களுக்கு வாய்த்துவிட்டன.

செல்லூர் பெரியம்மா ஸ்மார்ட் டி.வி.யில் பார்க்கிறாள். விளம்பரத்தைத் தள்ளிவிடும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். "பாவம், அவுகளும் கஷ்டப்பட்டுத்தானே எடுத்திருக்காக" என்று முழுதாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம், "எங்க தங்கச்சி மகன் டி.வி.ல வர்றான்" என்றாள். அந்தம்மா எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு மணிக்கு என்று பதிலும் சொன்னாள். என்ன வசனம் பிடித்தது பெரியம்மா என்று நான் கேட்டதற்கு மட்டும், "ஏதோ ஓடுச்சுப்பா, அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். லட்சம் பேரில் எத்தனை பேர் அரிசி களைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை யூடியூப் சொல்வதில்லை.

வேறு எல்லாவற்றையும் சொல்கிறது. இரண்டாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் இறங்கிப் போய்விடுவதாக அண்ணன் மகன் கோடு போட்டுக் காட்டினான். தம்ப்நெயிலில் என் வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பும் வேண்டுமாம். "கிளைமாக்ஸத் தூக்கி முன்னாடி போட்டுருவோம் சித்தப்பா" என்றான். போட்டுவிட்டோம். வருகிற ஞாயிறு எபிசோட் முடிவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கதை என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எண்ணெய் விளம்பரம் முடியும்வரை இருக்க வேண்டும்.