மாப்ளைக்கும் எக்ஸ்பிக்கும் பத்துப் பொருத்தம்

ஏனுங்க மாப்ளே, வே பிரிட்ஜ் ரூமுல இருக்கற விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்துக்குப் புதுச் சொக்காய் போடப் போறீங்களாமா? கண்ணாடியாட்டம் தெரியற மெனு, மவுசு பட்டாத் துள்ளற ஐக்கான், பின்னாடி நீந்தற மீனு... அம்மணி சொன்னா. போடுங்க, தாராளமாப் போடுங்க. தட்டு மேல லோடு லாரி நின்னு ஆரன் அடிக்கும். டிரைவருக்கு மீனைக் காமிச்சுட்டே இருங்க, எடை வர்றப்ப வரட்டும்.

கெடுக்கறது உங்க உரிமை, நான் குறுக்க நிக்கல. ஆனாக் கெட்டா என்னையத்தான் கூப்புடுவீங்க, அதனால நாலு வார்த்தை சொல்லி வெக்கறேன்.

அந்த எக்ஸ்பி 2001 அக்டோபர்ல கடைக்கு வந்த சரக்கு. 2014 ஏப்ரல் 8-ஓட மைக்ரோசாஃப்ட்காரன் கை கழுவிட்டான். அப்பறமும் நாம ஏன் கட்டிட்டு அழறோம்? எடை காட்டற டப்பாவுல இருந்து வர்ற ஒயரு பழைய சீரியல் போர்ட்டுலதான் சொருகும். சீட்டு அடிக்கற சாஃப்ட்வேரோ புது விண்டோஸ்ல ஏறமாட்டேங்குது. அதை எழுதுன பையன் இப்ப எந்த நாட்டுல இருக்கானோ! அதனால ஒண்ணே ஒண்ணு. வயசானதுக்குச் சுமையை எறக்கோணும், ஏத்தக் கூடாது. எனக்கும் அதேதான், அதை இன்னொரு நாள் பேசிக்கலாம்.

மொதல்ல மை கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ்னு உள்ள போங்க. 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்குனா நெழலு, வழுக்கறது, மங்கி மறையறது அத்தனையும் ஒரே அடியா ஓடிரும். நீலக் கலர் பட்டையும் போயி, 98 காலத்துச் சாம்பல் மூஞ்சி வரும். அது ஆகாதுன்னா, அதே பட்டியல்ல கடைசியா இருக்கற 'யூஸ் விஷுவல் ஸ்டைல்ஸ்' ஒண்ணுக்கு மட்டும் டிக் போட்டுக்கோங்க. எழுத்து பிசிறடிச்சா 'ஸ்மூத் எட்ஜஸ்'ஸுக்கும் ஒரு டிக். அதுக்கு மேல கை அரிச்சா, வெளிய போயி காத்தாட நில்லுங்க.

ரன்ல 'எம்எஸ்கான்ஃபிக்'னு அடிச்சா ஸ்டார்ட்அப்னு ஒரு டேப். சிஸ்டம் கண்ணு முழிக்கறப்பவே கூட எந்திரிச்சு வர்ற கும்பல் பூரா அங்கதான் வரிசையா நிக்குது. பாட்டு பிளேயரு, எப்பவோ வித்த பிரிண்டரோட புரோகிராமு, கேமராவோட சிடியில வந்தது. அதுகளுக்கு டிக்கை எடுத்துருங்க. பேரு புரியலைன்னா அதுமேல கை வெக்காதீங்க. பேரு புரியாததெல்லாம் வேண்டாததுன்னு நெனைக்கற பழக்கம் உங்களுக்கு உண்டுன்னுதான் சொல்றேன்.

மெனு மெதுவாத் தொறக்குதுங்கறீங்க. அது சோம்பேறித்தனம் இல்லீங்க, செட்டிங். ரெஜிஸ்ட்ரியில ஹெச்கீ கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப்னு போனா 'மெனுஷோடிலே'னு ஒண்ணு கெடக்கும். அதுல 400-ன்னு இருக்கும், மில்லி செகண்டுக் கணக்கு. 100-ன்னு மாத்துனாப் போதும். 0 வெச்சா மவுசு போற பக்கமெல்லாம் மெனு வாயைத் தொறக்கும். அதுக்கு முன்னாடி ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் குடுத்து ஒரு நகல் எடுத்து வெய்யுங்க. ரெஜிஸ்ட்ரியில 'அன்டூ' கெடையாது. கண்ணாலத்துலயும்தான் கெடையாது, உங்களுக்குத் தெரியாததா!

எதையாச்சும் தேடச் சொன்னா ஒரு நாய் வந்து வாலாட்டுதுல்ல, அதும் பேரு ரோவர். 1995-ல 'மைக்ரோசாஃப்ட் பாப்'னு ஒரு சாஃப்ட்வேர் வந்து வந்த வேகத்துலயே படுத்துருச்சு. எசமான் போயும் நாய் தப்பிச்சு எக்ஸ்பிக்குள்ள குடியேறிருச்சு. 'சேஞ்ச் பிரிஃபரன்சஸ்'ல போயி அதுக்கும் விடை குடுங்க. ஃபைலு கெடைக்கறதும் கெடைக்காததும் நாயி கையில இல்லீங்க, நீங்க வெச்ச பேருல இருக்குது. 'நியூ', 'நியூ1', 'நியூ ஃபைனல்'னு வெச்சா எந்த நாயிதான் மோப்பம் புடிக்கும்?

அடுத்தது பென் டிரைவு. பாட்டு ஏத்தறேன்னு ஊர்ல இருக்கறவன் டிரைவெல்லாம் சொருகறீங்க. அதுல மஞ்சக் கலர் ஃபோல்டர் ஒண்ணு இருக்கும், டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது. நடக்கலைன்னு நீங்க நெனச்சுக்குவீங்க, உள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ டேப்ல போயி 'ஹைடு எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக்கை எடுத்துட்டு மறுக்காப் பாருங்க. அதே ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி 'டாட் இஎக்ஸ்இ'ன்னு வாலு நீட்டிட்டு இருக்கும். வேஷம் போட்ட வைரஸு. மைக்ரோசாஃப்ட்காரன் அந்த வாலை மறைச்சே குடுத்திருக்கான், காட்டற வேலை நம்மளுது. அப்பறம், நெட் ஒயரை அந்த சிஸ்டத்துக்குக் கிட்டயே கொண்டு போயிராதீங்க. 2017-ல வான்னாக்ரைன்னு ஒரு வைரஸு வந்து ஒலகத்தை ஆட்டுனப்ப, கை கழுவுனவனே எறங்கி வந்து எக்ஸ்பிக்கு ஒரு பேட்ச் விட்டான். ஒவ்வொரு தடவையும் வருவான்னு காத்திருக்க முடியுமா?

சீட்டுல தேதி 2002-ன்னு அடிச்சா விண்டோஸை மறுக்கா ஏத்தக் கெளம்பீராதீங்க. கரண்டை நிறுத்தி, ஒயரைக் கழட்டி, மதர்போர்டுல இருக்கற சிஆர் 2032 பேட்டரியை மாத்துங்க. எட்டணா அகலத்துல இருக்கும், கடிகாரக் கடையிலயே கெடைக்கும். செட்டிங்ஸ்ல தேடாதீங்க, அங்க இல்ல.

எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஆக்சசரீஸ், சிஸ்டம் டூல்ஸ்ல போயி ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுருங்க. கெட்டா அந்த நாளைக்குத் திரும்பி வந்துக்கலாம். செட்டிங்ஸ்தான் திரும்பி வரும், நீங்க அழிச்ச பில்லு ஃபைலு வராது. அதுக்குத் தனியா ஒரு நகல் சிடியில வெய்யுங்க. ஒரு நாளைக்கு ஒரு மாத்தம். பத்தை மாத்திட்டு, எதுனால போச்சுன்னு என்னையக் கேட்டா நான் சோசியனா?

பாஸ்வேர்டு போட்டு சிஸ்டத்தைக் காப்பாத்தோணும்னும் சொன்னீங்களாமா. நல்ல யோசனை, ஆனா யாருகிட்ட இருந்து? அதைத் தொடறதே நீங்க ஒருத்தர்தான். அதனால யூசர் அக்கவுன்ட்ஸ்ல உங்க பேருல 'லிமிடெட்' அக்கவுன்ட் ஒண்ணைத் தொறங்க. எடை சாஃப்ட்வேர் அதுல ஓடுதான்னு ஒருக்காப் பாத்துக்கோங்க. ஓடுச்சுன்னா வால்பேப்பர் மாத்தலாம், சீட்டு அடிக்கலாம், புதுசா எதையும் ஏத்த முடியாது, தேதியைக்கூடத் தொட முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை எம்பொண்ணுகிட்டக் குடுத்துருங்க. ஊட்டுல அப்படித்தானுங்க நடக்குது, சிஸ்டத்துலயும் நடந்துட்டுப் போகட்டும்.